கம்பிகளின் நடுவே ஓர் ஆள்

கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவர் தீவின் கிழக்குக் கரையில், ஷெமேனஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1862 முதல் மரம் அறுத்தே பிழைத்த ஊர். 1980களின் தொடக்கத்தில் மர அறுவை ஆலையின் எதிர்காலம் ஆட்டம் கண்டபோது, ஊரின் பழைய வரலாற்றைக் கடைச் சுவர்களில் பெரிது பெரிதாக வரைந்து வைப்பது என்று முடிவாயிற்று. ருமேனியாவில் மடாலயங்களின் வெளிச்சுவர் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வந்த கார்ல் ஷுட்ஸ் என்ற வணிகரின் யோசனை அது. 1982இல் முதல் ஐந்து ஓவியங்கள் எழுந்தன. 1983இல் ஆலை மூடியது. ஆனால் சுவர்களைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள், வந்துகொண்டே இருக்கிறார்கள். இன்று அங்கே நாற்பதுக்கும் மேற்பட்ட சுவரோவியங்கள். நீராவி எந்திரம், மரம் வெட்டுவோர், பழைய மளிகைக் கடை, பூர்வகுடிகளின் முகங்கள் என்று நீளும் அந்த வரிசையில் ஒன்று, 1915 வாக்கில் இருந்த தொலைபேசி நிறுவனத்தைப் பற்றியது.

ரயில் எந்திரத்துக்கும் ராட்சத மரத்துக்கும் ஒரு சுவரைக் கொடுப்பதில் வியப்பில்லை. தொலைபேசி நிலையம் அப்படியல்ல. ஓர் அறை, ஒரு பலகை, கொஞ்சம் கம்பி. அங்கே நடந்த வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தில் நடந்தது. இருந்தும் அந்தக் காலத்துத் தொலைபேசியை யாராவது வரையப் புகுந்தால், காதில் கருவி மாட்டிய ஓர் ஆபரேட்டர் படத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துவிடுவார். இது வெறும் பழமை ஏக்கம் அல்ல. பொறியியல் கணக்கிலும் அவருக்கு அதுதான் இடம். அன்றைய தொலைபேசியில் மற்ற பாகங்களையெல்லாம் மரத்தாலும் பித்தளையாலும் செய்துவிட முடிந்தது. ஒரே ஒரு பாகத்துக்கு மட்டும் மனித மூளை தேவைப்பட்டது.

பேசுவது எளிது, சேர்ப்பது கடினம்

அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லுக்குக் காப்புரிமை கிடைத்தது 1876 மார்ச் 7. மூன்றாம் நாள் பக்கத்து அறையில் இருந்த உதவியாளர் வாட்சனின் காதில் அவர் குரல் விழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கனடாவின் பிரான்ட்ஃபோர்டில் இருந்து பாரிஸ் என்ற பக்கத்து ஊருக்கு, ஏறத்தாழ 13 கிலோமீட்டர், தந்திக் கம்பி வழியே பேச்சு போய்ச் சேர்ந்தது. செய்தி வேகமாகப் பரவியது. ஷெமேனஸுக்கு வடக்கே வெலிங்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த வில்லியம் வால் என்ற எந்திர வினைஞர், அறிவியல் இதழில் வந்த விவரத்தைப் படித்தே கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு தொலைபேசி செய்துவிட்டார். கருவியின் அடிப்படை அவ்வளவு எளிமையானது.

தொல்லை அடுத்த படியில் இருந்தது. இரண்டு பேர் பேச ஒரு கம்பித் தடம் போதும். மூன்று பேருக்கு மூன்று. பத்துப் பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது பேரோடும் பேச வேண்டுமென்றால் 45. நூறு பேருக்கு 4,950. ஆள் பத்து மடங்கு கூடினால் கம்பி நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. எந்த ஊராலும் இதைத் தாங்க முடியாது.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ஜார்ஜ் காய் என்பவர் 1878 ஜனவரி 28 அன்று வணிக முறையில் முதல் எக்ஸ்சேஞ்சைத் திறந்தபோது அவரிடம் 21 சந்தாதாரர்கள் இருந்தார்கள். நேருக்கு நேர் இணைத்தால் 210 தடங்கள் வேண்டும். காய் எல்லாக் கம்பிகளையும் ஓர் அறைக்கு இழுத்து வந்தார். வண்டிச் சக்கரத்துக்கான போல்ட்டுகளையும் தேநீர்க் கெண்டி மூடியின் கைப்பிடிகளையும் வைத்து ஓர் இணைப்புப் பலகை செய்தார். யாருக்கு யார் வேண்டுமோ அவர்களின் கம்பிகளை அந்தப் பலகையில் சேர்த்துவிட்டால் போதும். கம்பிச் செலவு சரசரவென்று இறங்கியது. அதற்கு விலையாக, அந்த அறையில் யாராவது ஒருவர் எந்நேரமும் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

கரித்துகள் செய்த வேலை

பெல்லின் முதல் கருவியில் பேட்டரியே தேவைப்படாத ஒரு வகை உண்டு. குரல் ஒரு மெல்லிய இரும்புத் தகட்டை அதிர வைக்கும். தகட்டுக்குப் பின்னால் காந்தமும் கம்பிச்சுருளும். தகடு அசைய அசைய, சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கும். மறுமுனையில் அதே அமைப்பு தலைகீழாக இயங்கும்: மின்னோட்டம் தகட்டை ஆட்டும், தகடு காற்றை ஆட்டும். அழகான ஏற்பாடுதான். ஆனால் கம்பியில் போகும் ஆற்றல் முழுவதும் பேசுபவரின் தொண்டையில் இருந்தே வந்தாக வேண்டும். அதில் பெரும்பகுதி வழியிலேயே வீணாகிவிடும். அதனால் தொலைவு கூடக் கூடக் கத்த வேண்டியிருந்தது.

இதை மாற்றியது கரி. 1877, 1878 ஆண்டுகளில் எடிசன், ஹியூஸ், ஹன்னிங்ஸ் ஆகியோர் தனித்தனியே கரியை வைத்து ஒலிவாங்கிகள் செய்தார்கள். கரித்துகள்களை ஒரு சிறு கிண்ணத்தில் அடைத்து, முன்னால் ஒரு தகட்டை வைத்தால், குரலின் அழுத்தத்தில் துகள்கள் நெருங்கியும் விலகியும் அசையும். நெருங்கும்போது மின்தடை குறையும், விலகும்போது கூடும். பேட்டரியில் இருந்து வரும் மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கும். இங்கே குரல் மின்சாரத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தை இயக்கும் கட்டுப்பாட்டை மட்டுமே அது கையில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே உள்ளே போகும் ஒலியாற்றலைவிட வெளியே வரும் மின்னாற்றல் அதிகமாக இருக்க முடியும். வெற்றிடக் குழாயும் டிரான்சிஸ்டரும் வருவதற்கு முன்பே தொலைபேசிக்குக் கிடைத்துவிட்ட ஒலிபெருக்கம் இது.

இன்னொரு சிக்கல் மிச்சம். கரிக் கிண்ணத்தின் மின்தடை 10 ஓம் அளவுக்கு மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றின் மொத்தத் தடை 50 ஓம் என்றால் அந்த மாற்றம் ஐந்தில் ஒரு பங்கு, நன்றாகவே கேட்கும். நெடுந்தொலைவு இரும்புக் கம்பியும் சேர்ந்து மொத்தம் 1,000 ஓம் ஆகிவிட்டால், அதே மாற்றம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். பேட்டரி, கரிக் கிண்ணம், ஒரு கம்பிச்சுருள் ஆகிய மூன்றையும் வீட்டுக்குள்ளேயே ஒரு குறுஞ்சுற்றாக வைத்துக்கொண்டார்கள். அந்தச் சுருளின் மேல் இன்னொரு சுருள். அது மின்மாற்றியைப் போல வேலை செய்து, ஏறி இறங்கும் பகுதியை மட்டும் அதிக மின்னழுத்தத்தில் வெளிக்கம்பிக்கு அனுப்பியது. பழைய சுவர்த் தொலைபேசியின் மரப்பெட்டி ஏன் அவ்வளவு பெரியது என்றால், அதற்குள் இரண்டு மூன்று உலர் மின்கலங்கள் இருந்தன. கேட்கும் கருவியைக் கொக்கியில் மாட்ட மறந்தால், மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய மின்கலம் சீக்கிரமே செத்துப்போகும்.

கைப்பிடி எதற்கு

பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சுழற்றும் கைப்பிடி பேசுவதற்கானது அல்ல, கூப்பிடுவதற்கானது. பெட்டிக்குள் குதிரைலாட வடிவ நிலைக்காந்தங்கள் வரிசையாக நிற்கும். கைப்பிடியைச் சுற்றினால் பற்சக்கரம் வழியே ஒரு கம்பிச்சுருள் அவற்றின் நடுவே வேகமாகச் சுழன்று மாறுதிசை மின்னோட்டத்தை உண்டாக்கும். பேச்சுக்குச் சில வோல்ட் போதும். மணியடிக்க ஏறத்தாழ 75 வோல்ட் வேண்டும், அதுவும் நொடிக்கு 20 சுழற்சி அளவில். அதைத் தன் கைவலிமையால் தந்தவர் சந்தாதாரரே.

அந்த மின்னோட்டம் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் ஒரு சிறு மின்காந்தத்தைத் தூண்டும். கொண்டி விலகும். அந்த வீட்டு எண் எழுதிய சிறு பித்தளை மூடி 'டக்' என்று கீழே விழும். ஆபரேட்டர் ஒரு வடத்தின் முனையை அந்த எண்ணுக்கு உரிய துளையில் செருகி, சாவியைத் தள்ளி, யார் வேண்டும் என்று கேட்பார். அதே இணையின் இன்னொரு வடத்தைக் கேட்டவரின் துளையில் செருகுவார். தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றி அந்த வீட்டில் மணியடிப்பார். பேச்சு தொடங்கியதும் விலகிக்கொள்வார். பேசி முடித்தவர்கள் கைப்பிடியை மறுபடி ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். அப்போது இன்னொரு மூடி விழும், வடங்கள் உருவப்படும். முடிந்ததும் சுற்ற மறந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். அதனால் இவர்கள் இன்னும் பேசுகிறார்களா என்று ஆபரேட்டர் நடுவில் காது கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஒட்டுக்கேட்டல் அந்தத் தொழில்நுட்பத்துக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தது.

ஒரே கம்பி, பல வீடுகள்

நகரங்களில் 1890களில் இருந்தே பேட்டரிகளை எக்ஸ்சேஞ்சிலேயே வைத்து, கருவியை எடுத்ததும் பலகையில் விளக்கு எரியும் ஏற்பாடு பரவிவிட்டது. சிற்றூர்களில் கைப்பிடிதான் நீடித்தது, காரணம் செலவு. அதே காரணத்தால் பல இடங்களில் ஒற்றை இரும்புக் கம்பியே தடமாக இருந்தது. திரும்பி வரும் பாதை பூமி. கருவியின் ஒரு முனையை மண்ணில் அடித்த இரும்புக் கோலோடு கட்டிவிட்டால் சுற்று முழுமையாகிவிடும். பாதிக் கம்பி மிச்சம். ஆனால் பூமி எல்லாருக்கும் பொது. தந்தி, டிராம் ஆகியவற்றின் மின்னோட்டங்களும் அதே மண்ணில் திரும்பின. அவற்றின் இரைச்சல் காதில் கொட்டியது. இரண்டாவது கம்பியை இழுத்து, இரண்டையும் இடைவெளி விட்டு இடம் மாற்றிக் கட்டிய பிறகே வெளி இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாக விழுந்து ஒன்றையொன்று அழித்தது.

1893, 1894இல் பெல்லின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதி ஆனதும் அமெரிக்கக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்களும் விவசாயிகளின் கூட்டுறவுகளும் முளைத்தன. மேய்ச்சல் நிலத்து முள்வேலியையே தொலைபேசிக் கம்பியாக்கியவர்கள் உண்டு. ஒரே கம்பியில் பல வீடுகள் தொங்கின. இரண்டு நீள மணியும் ஒரு குறு மணியும் அடித்தால் ஒரு வீடு, மூன்று குறு மணி என்றால் இன்னொன்று. எல்லா வீட்டிலும் எல்லா மணியும் அடிக்கும். தனக்குரியதற்கு மட்டும் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தனை மணிகளை ஒரே கம்பியில் எப்படித் தொங்கவிட்டார்கள்? முன்பு மணிச் சுருள்களை வரிசையாகக் கோத்தார்கள். பேச்சு ஒவ்வொன்றையும் கடந்து போவதற்குள் நைந்துவிடும். 1890 வாக்கில் ஜான் கார்ட்டி என்ற பொறியாளர் மணிகளைக் கம்பிக்குக் குறுக்கே பக்க இணைப்பாக வைத்தார். நிறைய சுற்றுகள் கொண்ட கம்பிச்சுருளுக்கு ஒரு குணம் உண்டு: அதிர்வெண் கூடக் கூட அது கூடுதலாகத் தடுக்கும். மணிக்கான 20 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுருளுக்குள் புகும். சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கும் பேச்சு புக முடியாமல் நேரே கம்பியில் போய்விடும். ஒரே பாதையில் இரண்டு வேலைகளை அதிர்வெண்ணால் பிரிக்கும் இந்த உத்திதான், பிற்காலத்தில் ஒரே செம்புக் கம்பியில் பேச்சையும் இணையத்தையும் சேர்த்து அனுப்பியதற்கும் அடிப்படை.

ஒட்டுக்கேட்டவர்களைக் காட்டிக்கொடுத்ததும் இயற்பியல்தான். யாராவது கருவியை எடுத்தால் அவர் கருவியும் கம்பிக்குக் குறுக்கே சேர்ந்து குரலின் ஆற்றலில் ஒரு பங்கை இழுத்துக்கொள்ளும். நாலைந்து பேர் எடுத்தால், உரியவருக்குப் பேச்சு தேய்ந்துவிடும். தயவுசெய்து எல்லாரும் வையுங்கள் என்று பேசுபவர் சத்தம் போட்டால் குரல் மறுபடி தெளியும்.

பலகைக்கு முன்னால் இருந்த அறிவு

தொடக்கத்தில் தந்தி அலுவலகப் பையன்களைத்தான் இந்த வேலையில் வைத்தார்கள். சந்தாதாரர்களிடம் வாயாடி, குறும்பு செய்து அவர்கள் கெட்ட பெயர் வாங்க, 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் பணியில் சேர்ந்தார். உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர் அவர்தான். பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்பதும் நிறுவனங்களுக்கு வசதியாக இருந்தது. விரைவில் அது பெண்களின் தொழிலானது.

சிற்றூர் ஆபரேட்டருக்கு எண்கூடத் தேவையில்லை. டாக்டரைக் கொடுங்கள் என்றால் போதும். டாக்டர் இப்போது வீட்டில் இல்லை, பண்ணையில் பிரசவம் பார்க்கப் போயிருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் நேரே அங்கே இணைத்துவிடுவார். யார் உறங்கும் நேரம், யார் வீட்டில் துக்கம், யாரை இப்போது தொந்தரவு செய்யக் கூடாது என்பதெல்லாம் தலைக்குள் இருக்கும். பொது மணியை அடித்து ஊருக்கே ஒரே நேரத்தில் தீ விபத்தை அறிவிப்பார். இன்று இவற்றை அழைப்புத் திருப்பல், தொந்தரவுத் தடை, அவசர அறிவிப்பு என்று தனித்தனி வசதிகளாகப் பெயரிட்டு மென்பொருளில் எழுதுகிறோம்.

அந்த அறிவின் முழு மதிப்பு நியூ மெக்சிகோவின் ஃபோல்சம் என்ற சிற்றூரில் 1908 ஆகஸ்ட் 27 இரவு தெரிந்தது. மலைப்பக்கம் கொட்டிய மழையில் வெள்ளம் வருகிறது என்ற தகவல் ஆபரேட்டர் சாரா ரூக்குக்குக் கிடைத்தது. அவர் ஓடவில்லை. பலகையில் ஒவ்வொரு வீடாக மணியடித்து எச்சரித்துக்கொண்டே இருந்தார். நாற்பது குடும்பங்கள் அளவில் தப்பின என்பார்கள். வெள்ளம் அவரையும் எக்ஸ்சேஞ்சையும் சேர்த்து அடித்துப் போயிற்று. பின்னாளில் தொலைபேசி ஊழியர்கள் நிதி திரட்டி அவருக்கு நினைவுக்கல் எழுப்பினார்கள்.

ஆளை அகற்றிய எந்திரம்

அதே அறிவின் மீது வந்த சந்தேகமே அதை அகற்றவும் வழி செய்தது. அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஈமச்சடங்குத் தொழில் நடத்திய அல்மன் ஸ்ட்ரோஜர், தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகப்பட்டதாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1891இல் அவர் பெற்ற காப்புரிமை உண்மை. 1892 நவம்பர் 3 அன்று இண்டியானாவின் லா போர்ட் என்ற சிறு நகரில் அவருடைய தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இயங்கத் தொடங்கியது.

பிற்காலத்தில் பரவிய ஸ்ட்ரோஜர் தெரிவியின் வேலை, பத்து மாடிகள், மாடிக்குப் பத்து வீடுகள் கொண்ட குடியிருப்பில் முகவரி தேடிப் போவதைப் போன்றது. 47 என்று சுழற்றினால், நான்கு மின்துடிப்புகள் ஒரு தண்டை நான்கு படி உயர்த்தும். அடுத்து வரும் ஏழு துடிப்புகள் அதை ஏழு படி பக்கவாட்டில் திருப்பும். தண்டின் முனை நிற்கும் தொடுமுனைதான் 47ஆம் வீட்டுக் கம்பி. ஒரு தெரிவிக்கு நூறு இடங்கள். அடுக்கடுக்காகச் சேர்த்தால் ஆயிரம், பத்தாயிரம். முதலில் பொத்தானை எண்ணி எண்ணி அழுத்த வேண்டியிருந்தது. 1896இல்தான் சுழலும் டயல் வந்தது. பெல் நிறுவனம் 1919இல்தான் இதை ஏற்றது. இந்தியாவிலும் பல பத்தாண்டுகள் எக்ஸ்சேஞ்சுகளில் இந்தத் தெரிவிகள் இரவும் பகலும் கடகடத்துக்கொண்டிருந்தன.

எந்திரம் களைப்படையாது, ஆள் பார்த்துச் சலுகை காட்டாது. ஆனால் அதற்கு 'டாக்டர்' என்றால் புரியாது, எண்தான் வேண்டும். முகவரி தெரிந்துவைக்கும் பொறுப்பு ஆபரேட்டரின் தலையில் இருந்து நம் தலைக்கும் தொலைபேசிப் புத்தகத்துக்கும் மாறியது. அமெரிக்காவில் நெடுங்காலம் கைப்பிடியை விடாதிருந்த இடங்களில் ஒன்று மெய்ன் மாநிலத்தின் பிரயன்ட் பாண்ட் என்ற கிராமம். எக்ஸ்சேஞ்ச் இருந்தது அதன் உரிமையாளரின் வீட்டிலேயே. கைப்பிடியைக் கைவிடக் கூடாது என்று சந்தாதாரர்களில் பலர் போராடினார்கள். 1983 அக்டோபரில் அங்கேயும் டயல் வந்தது.

இழந்ததைத் துண்டு துண்டாக மீட்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் அமெரிக்காவின் முதல் 911 அவசர அழைப்பு ஒலித்தது. எங்கிருந்து அழைக்கிறார்கள் என்பதை அழைத்தவரே சொல்ல வேண்டிய நிலை அது. அழைத்த வீட்டைத் தானாகக் காட்டும் வசதியைப் பின்னர் தரவுத்தளங்கள் கட்டிச் சேர்த்தார்கள். கைப்பேசி வந்ததும் கோபுரங்களையும் செயற்கைக்கோள்களையும் வைத்து மறுபடி கணக்கிட வேண்டியதாயிற்று. பலகையில் எந்த மூடி விழுந்தது என்று பார்த்தாலே பழைய ஆபரேட்டருக்கு அது தெரியும்.

ஆகவே தொலைபேசி வலையமைப்பு அறிவு இல்லாமல் எப்போதும் இயங்கியதில்லை. அந்த அறிவு முதலில் ஒரு பெண்ணின் தலையில் இருந்தது, பிறகு ஏறித் திரும்பும் தண்டுகளில், இப்போது கணினிகளில். யார் யாரிடம், எப்போது, எங்கிருந்து, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை இன்றைய வலையமைப்பு எந்தச் சிற்றூர் ஆபரேட்டரையும்விடத் துல்லியமாகக் குறித்துவைக்கிறது. ஸ்ட்ரோஜர் அஞ்சிய நடுவாள் ஒழிந்துவிடவில்லை, முகத்தைத்தான் இழந்திருக்கிறார். அன்று உங்கள் ரகசியம் கசிந்தால், யாரிடம் போய்ச் சண்டை போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் உங்கள் தெருவிலேயே குடியிருந்தார்.